உப்பு எழுப்பிய வெள்ளி

சிதறிய ஒளி – வரலாற்றுத் தொடர் – 17

இடையஞ்சாவடியில் பிப்ரவரி 28 என்றால் எல்லாருக்கும் ஆரோவில் பிறந்த நாள்தான் நினைவுக்கு வரும். 1968இல் அந்த நாளில், ஊரையொட்டிய செம்மண் மேட்டில், 124 நாடுகளிலிருந்து வந்த கைப்பிடி மண்ணைத் தாமரை மொட்டு வடிவத் தாழியில் இட்டார்கள். இந்தத் தொடரை எழுதத் தொடங்கிய பிறகு எனக்கு அந்தத் தேதி இன்னொரு நாளாகவும் ஆகிவிட்டது. அதற்குச் சரியாக 40 ஆண்டுகளுக்கு முன், 1928 பிப்ரவரி 28இல், கல்கத்தா பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் ஒளி தன் நிறத்தில் ஒரு துளியை மூலக்கூறிடம் இழந்து திரும்புவதைக் கண்டார்கள். தேதிப் பொருத்தம் தற்செயல்தான். ஆனாலும் அந்த நாள் வந்தால் வீட்டில் இருக்க மனம் வருவதில்லை.

இந்த ஆண்டு அன்று காலை இடையஞ்சாவடியிலிருந்து கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, சுமார் 30 கிலோமீட்டர் வடக்கே மரக்காணம் உப்பளத்துக்குப் போனேன். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர் பலர் அடையாளம் காட்டுவார்கள். உமணர்கள் வண்டி வண்டியாக உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிப்போன காலத்திலிருந்து இந்தக் கரை உப்பை விட்டதில்லை. நான் போன நேரம் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பாத்திகளில் நீர் வெவ்வேறு கட்டத்தில் நின்றது: முன் பாத்திகளில் சாதாரணக் கடல்நீர் போல, உள்ளே போகப் போகக் கனத்து, கடைசிப் பாத்தியில் எண்ணெய் போலச் சோம்பி. அந்தக் கடைசி நீரில் ஓர் இளஞ்சிவப்பு. நீண்ட கைப்பிடி போட்ட பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

“தண்ணி செவந்துச்சுன்னா உப்பு பிடிக்கப் போவுதுன்னு அர்த்தம் தம்பி. எங்க மாமனார் காலத்துலயே இதப் பாத்துத்தான் சொல்லுவாங்க.”

அந்தச் சிவப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தின் முடிவில் அது மாஸ்கோ வழியாகப் பெங்களூருக்குப் போய்ச் சேரும். அதற்கு முன் உப்பின் இன்னொரு வேலையைச் சொல்ல வேண்டும். ராமன் கண்ட ஒளியை உயிரின் மூலக்கூறுகள் வரை கொண்டுபோய்ச் சேர்த்ததில் உப்புக்கு உள்ள பங்கு அது.

ராமன் விளைவின் பெரிய குறை அதன் மெலிவு. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஏறக்குறைய எல்லாமே வந்த நிறத்தோடு திரும்பிவிடும். மூலக்கூறின் பிணைப்புகளை அதிரவைத்து, அந்த அதிர்வுக்கான ஆற்றலை அங்கே விட்டுவிட்டு, நிறம் சற்றே மாறித் திரும்புவது சுமாராகக் கோடியில் ஒன்று. அந்த ஒன்றுதான் செய்தி சொல்லும். ஒவ்வொரு பிணைப்பும் தனக்கென்று ஓர் அதிர்வு வைத்திருப்பதால், மாறி வந்த நிறங்களை வரிசைப்படுத்தினால் மூலக்கூறின் கைரேகை கிடைத்துவிடும். ஆனால் கோடிப் பேர் கூடிய திருவிழாவில் ஒருவர் சொல்வதை மட்டும் காதில் வாங்குவது போன்ற வேலை அது. சூரிய ஒளியை லென்ஸால் குவித்தும், பிறகு பாதரச விளக்கை ஏற்றியும், நிறமாலை ஒளித்தகட்டில் பதியப் பல மணி நேரம் காத்திருந்தார்கள். 1928 மார்ச் 31 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் ராமனும் கிருஷ்ணனும் சுமார் 60 திரவங்களைச் சோதித்ததாக எழுதினார்கள். எல்லாம் பரிசோதனைச் சாலைப் புட்டிகளில் கிடைக்கும் தெளிந்த திரவங்கள். இரத்தமோ பாலோ அவற்றைப் போன்ற தெளிந்த பொருள்கள் அல்ல.

உயிர்ப்பொருள்கள் அந்தக் கருவிக்குப் பிடிகொடுக்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உடலுக்குள் ஒரு மூலக்கூறு மிகச் சிறிதளவே இருக்கும். அதன் கோடியில் ஒரு பங்கு ஒளியைத் தேடிப் பிடிப்பது எப்படி? அடுத்தது, உயிர்ப்பொருள்களும் அவற்றோடு கலந்த அழுக்குகளும் ஒளி பட்டால் தாமே ஒளிரும். அந்த ஒளிர்வில் மெலிந்த ராமன் ஒளி காணாமல் போய்விடும். கே. ஆர். ராமநாதன் கல்கத்தாவில் 1923இலேயே இந்த மங்கிய ஒளியைப் பார்த்தும் அது திரவத்தில் கலந்த அழுக்கின் ஒளிர்வாக இருக்கலாம் என்று ஐயப்பட்டதையும், திரவத்தைத் திரும்பத் திரும்ப வடித்தும் ஒளி போகாததையும் முன்பு ஓர் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு சாதகமும் இருந்தது. தண்ணீர் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடும். ராமன் சிதறலில் அது குறுக்கே வருவது மிகக் குறைவு. உயிர் தண்ணீரில்தானே இருக்கிறது! ஐம்பூதத் தலங்களில் நீருக்குரிய ஊரில் பிறந்தவரின் கண்டுபிடிப்பு தண்ணீரோடு இப்படி ஒத்துப்போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

கார்ஃபிங்கல், எட்சால் என்ற இருவர் லைசோசைம் என்னும் புரதத்தின் ராமன் நிறமாலையை 1958இல் பாதரச விளக்கின் ஒளியிலேயே எடுத்தார்கள். முழுப் புரதம் ஒன்றுக்கு அதுவே முதல். கல்கத்தாவிலிருந்து அங்கே வர 30 ஆண்டுகள் ஆயின. 1960இல் லேசர் பிறந்ததும் வேலை எளிதானது. ஆனால் லேசர் தந்தது கூடுதல் ஒளி மட்டுமே. கோடியில் ஒன்று என்ற கணக்கு அப்படியேதான் இருந்தது. அந்தக் கணக்கை மாற்றியவர்கள் உயிரைத் தேடிப் போனவர்களும் அல்லர்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 1970களின் தொடக்கத்தில் மார்ட்டின் ஃப்ளைஷ்மன் மின்வேதியியல் செய்துகொண்டிருந்தார். மின்முனையின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்பது அந்தத் துறையின் தீராத கேள்வி. மின்னோட்டத்தை அளக்கலாம், மின்னழுத்தத்தை அளக்கலாம். ஆனால் உலோகத்தில் ஒட்டியிருக்கும் மூலக்கூறு இன்னதுதான் என்று நேரில் பார்க்க வழியில்லை. ராமன் நிறமாலையில் தேர்ந்த பேட்ரிக் ஹெண்ட்ராவும் நியூசிலாந்திலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் மெக்குவில்லனும் அவரோடு சேர்ந்தார்கள். மேற்பரப்பில் ஒட்டும் மூலக்கூறுகள் ஒரே ஓர் அடுக்கு. அந்த அளவுக்கு ராமன் ஒளி போதாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே அவர்கள் ஒரு நியாயமான யோசனை செய்தார்கள்: மேற்பரப்பைக் கூட்டினால் ஒட்டும் மூலக்கூறுகளும் கூடும் அல்லவா?

வெள்ளித் தகட்டை எடுத்துப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைத்தார்கள். நம் கறியுப்பில் சோடியம் இருக்கும் இடத்தில் அதில் பொட்டாசியம் இருக்கும். மற்றபடி இரண்டும் அண்ணன் தம்பி. மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தபோது வெள்ளி ஒரு சுற்றில் கரைந்து உப்பின் குளோரைடோடு சேர்ந்து வெள்ளிக் குளோரைடாகப் படிந்தது. அடுத்த சுற்றில் மீண்டும் வெள்ளியானது. ஆனால் பழைய இடத்தில் பழைய வழவழப்போடு படியவில்லை. முண்டும் முடிச்சுமாகப் படிந்தது. திரும்பத் திரும்பச் செய்ததில் பளபளவென்று இருந்த தகடு மங்கிச் சொரசொரப்பானது. அதன்மேல் பிரிடின் என்ற எளிய கரிமப் பொருளை ஒட்டவிட்டு லேசரைக் காட்டினார்கள். நிறமாலை தெளிவாக எழுந்து நின்றது. 1974இல் அதை வெளியிட்டபோது, மேற்பரப்பு கூடியது, மூலக்கூறு கூடியது, ஒளி கூடியது என்றே விளக்கம் சொன்னார்கள்.

அந்த விளக்கம் தவறு. அதனால் அவர்களுடைய வேலையின் பெருமை குறைவதாக நான் நினைக்கவில்லை. ஃப்ளைஷ்மன் பெயரைக் கேட்டால் இன்று பலருக்கு 1989இல் அவர் அறிவித்து நிலைக்காமல் போன குளிர் அணுக்கருப் பிணைவுதான் நினைவுக்கு வருகிறது. உப்புக் கரைசலில் வைத்த அந்த வெள்ளித் தகட்டையும் சேர்த்து நினைவில் வைத்தால்தான் அந்த மனிதருக்கு நியாயம் செய்தவர்களாவோம்.

தவறை 1977இல் இரண்டு இடங்களில் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜீன்மேரும் ரிச்சர்ட் வான் டைனும், இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்டும் கிரைட்டனும். வான் டைன் பக்கம் செய்த சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. மேற்பரப்பு கூடுவதுதான் காரணம் என்றால், தகட்டை அதிகம் சொரசொரப்பாக்கினால் ஒளி அதிகமாக வேண்டும். அவர்கள் குறைவாகச் சொரசொரப்பாக்கிப் பார்த்தார்கள். ஒளி இன்னும் கூடியது! எத்தனை மூலக்கூறு ஒட்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அவை கரைசலில் தனியாக மிதந்தால் எவ்வளவு ஒளி தரும் என்பதோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு மூலக்கூறும் வழக்கத்தைவிட 1 லட்சம் முதல் 10 லட்சம் மடங்கு வரை ஒளி தந்திருந்தது. கூடியது மூலக்கூறுகளின் எண்ணிக்கை அல்ல. பக்கத்தில் வெள்ளி இருப்பதால் ஒவ்வொரு மூலக்கூறுமே பலமாகப் பேசியிருக்கிறது.

இந்த நிகழ்வைத்தான் பரப்பால் பெருக்கப்பட்ட ராமன் சிதறல் என்கிறார்கள். ஆய்வகங்களில் சுருக்கமாகச் ‘செர்ஸ்’ என்பார்கள்.

ஏன் பெருகுகிறது? உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரிகின்றன. ஒளி என்பது திசை மாறி மாறி இழுக்கும் மின்புலம். வெள்ளி நானோமீட்டர் அளவிலான குமிழாகச் சிறுத்திருந்தால், அந்த இழுப்புக்கு ஏற்றபடி எலெக்ட்ரான் கூட்டம் மொத்தமும் இப்படியும் அப்படியும் ஆடும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் வீச்சு ஏறுவது போல, தக்க நிற ஒளி பட்டால் இந்த ஆட்டம் பலமடங்கு ஏறிவிடும். குமிழை ஒட்டியிருக்கும் மின்புலம் வந்த ஒளியின் புலத்தைவிடப் பெரிதாகும். மூலக்கூறு அங்கே இருந்தால் அதன்மேல் விழும் ஒளியும் பெருகும், அது திருப்பி அனுப்பும் ஒளியும் அதே குமிழால் பெருகும். இரண்டும் சேர, புலம் 10 மடங்கானால் ராமன் ஒளி சுமார் 10 ஆயிரம் மடங்காகும். புலம் 100 மடங்கானால் 10 கோடி மடங்கு. டொரோண்டோவின் மார்ட்டின் மொஸ்கோவிட்ஸ் 1978இல் இந்த எலெக்ட்ரான் ஆட்டத்தைக் காரணமாக முன்வைத்தார். அடுத்த ஆண்டு கிரைட்டன் குழுவினர் மின்முனையையே விட்டுவிட்டு, நீரில் மிதக்கும் வெள்ளி, தங்கத் துகள்களில் இதைக் காட்டினார்கள்.

இரண்டு வெள்ளித் துகள்கள் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்ளும் இடுக்கில்தான் புலம் மிக அதிகமாகப் பெருகும். ஓரிரு நானோமீட்டர் இடைவெளி அது. நம் தலைமயிர் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு தடிமன். அப்படிப்பட்ட இடுக்குகளை எப்படி உண்டாக்குவது? இங்கே மீண்டும் உப்பு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவி ஒருவர் இதை என் கண் முன்னால் செய்து காட்டினார். லீயும் மைசலும் 1982இல் எழுதிய பக்குவத்தை இன்றும் உலகமெங்கும் பின்பற்றுகிறார்கள். சமையல் குறிப்பு போலத்தான் இருக்கிறது. அரை லிட்டர் தூய நீரில் 90 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட்டைக் கரைத்துக் கொதிக்கவைத்து, ஒரு சதவீத சோடியம் சிட்ரேட் கரைசல் 10 மில்லி ஊற்றி, ஒரு மணி நேரம் கொதியிலேயே விட வேண்டும். நிறமில்லாத நீர் மெல்ல மஞ்சளேறி, பிறகு பச்சை கலந்த மஞ்சளாகிக் கலங்கியது. அந்தக் கலங்கல்தான் வெள்ளி. எந்தத் துகளும் அடியில் தங்கவில்லை, ஏனென்றால் சிட்ரேட் ஒவ்வொரு துகளுக்கும் எதிர்மின் போர்வை போர்த்திவிடுகிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்தபடியே இருக்கும்.

அதில் கொஞ்சம் எடுத்து அடினைன் சேர்த்தார். டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்று அடினைன். லேசர் காட்டியபோது திரையில் சின்ன மேடு ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான். “இப்பப் பாருங்க சார்” என்று உப்புக் கரைசலில் சில துளிகள் விட்டார். மஞ்சள் மங்கிச் சாம்பலாகிக்கொண்டு வந்தது. அடுத்த முறை லேசர் காட்டியதும் 735 அலையெண்ணுக்கு அருகே கோபுரம் போல ஒரு கூர்முனை எழுந்தது. அடினைனின் வளையம் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும் அதிர்வு அது. “உப்பு இன்னும் ரெண்டு சொட்டு கூடியிருந்தா எல்லாம் அடியில உக்காந்திருக்கும். மறுபடியும் முதல்லேர்ந்து கொதிக்கவைக்கணும்” என்றார். சமையலில் உப்புப் பதம் பார்ப்பவர்களின் கவனம் அவர் முகத்தில் இருந்தது.

உப்பு அங்கே செய்ததை மரக்காணத்துக்காரர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். மழைக்காலத்தில் கழுவெளி ஏரியின் கலங்கல் நீர் கழிமுகம் வழியே கடலுக்குப் போகிறது. நன்னீரில் மிதந்துகொண்டிருந்த மண்துகள்கள் கடல்நீர் கலந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துக் கீழே இறங்கும். துகள்களைப் பிரித்துவைத்த மின்போர்வையை உப்பு மெலியச் செய்துவிடுவதுதான் காரணம். வெள்ளித் துகளுக்கும் அதே விதி. போர்வை மெலிந்ததும் துகள்கள் நெருங்கும். நெருங்கிய இடுக்கில் அடினைன் சிக்கும். அங்கே ஒளி பெருகும். போதாததற்கு, குளோரைடு வெள்ளியின் மேற்பரப்பில் தானே ஒட்டிக்கொண்டு மூலக்கூறு பற்றுவதையும் மாற்றுகிறது. ‘குளோரைடு தூண்டல்’ என்று இந்தத் துறையில் பேசுவார்கள்.

இந்த வழியில் உயிர்ப்பொருள்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. 1980இல் தெரசா காட்டன், ஷூல்ட்ஸ், வான் டைன் மூவரும் வெள்ளி மின்முனையில் ஒட்டிய சைட்டோகுரோம் சி, மையோகுளோபின் ஆகிய புரதங்களின் நிறமாலையை எடுத்தார்கள். முதலாவது செல்லின் மூச்சில் எலெக்ட்ரானை ஏந்திச் செல்லும் புரதம்; இரண்டாவது தசையில் ஆக்சிஜனைத் தாங்குவது. இரண்டிலும் இரும்பேறிய ஹீம் என்ற வண்ணப் பகுதி உண்டு. லேசரின் நிறத்தை அதற்கு ஒத்துப்போகத் தேர்ந்தால் பெருக்கம் இன்னும் கூடும். ராமநாதன் காலத்திலிருந்து தொல்லை தந்த ஒளிர்வுக்கும் இங்கே பாதி மருந்து கிடைத்தது. உலோகத்தை ஒட்டிய மூலக்கூறின் ஒளிர்வை உலோகமே உறிஞ்சி அடக்கிவிடும். ராமன் ஒளி மட்டும் மேலே நிற்கும்.

1997இல் கணக்கு தலைகீழானது. ஜெர்மானியரான காத்ரின் நைப் தலைமையில் ஒரு குழுவும், அமெரிக்காவின் இந்தியானாவில் ஷூமிங் நியும் ஸ்டீவன் எமரியும், வெள்ளித் துகள்களில் சிக்கிய ஒரே ஒரு சாய மூலக்கூறின் ராமன் ஒளியைக் கண்டதாக அறிவித்தார்கள். நைப் குழு வெள்ளிக் கூழில் கறியுப்பும் சேர்த்திருந்தது. பெருக்கம் 100 லட்சம் கோடி மடங்கு என்றார்கள். அதாவது கோடியைக் கோடியால் பெருக்கியது. கோடியில் ஒன்று என்று 1928இல் தொடங்கிய குறையை அந்த எண் இரண்டு முறை தீர்த்துவைத்தது போல இருந்தது. பின்னாளில் நுணுகிக் கணக்கிட்டவர்கள் அவ்வளவு தேவையில்லை, அதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவான பெருக்கத்திலும் தனி மூலக்கூறு தெரியும் என்று காட்டினார்கள். எண் இறங்கினாலும் தனி மூலக்கூறு தெரிந்தது என்ற முடிவு நின்றது. அடுத்த ஆண்டே நைப் குழு தனி அடினைன் மூலக்கூறையும் எட்டியது. சாயம் பூசாமல், ஒட்டு எதுவும் வைக்காமல், அதன் சொந்த அதிர்வாலேயே.

இதைப் படித்ததும் நாளை ஒரு சொட்டு இரத்தத்தில் எல்லா நோயும் தெரிந்துவிடும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்தத் துறைக்காரர்களின் நாள்பாடு வேறு. இடுக்கு இருக்கும் இடத்தில் மட்டுமே ஒளி பெருகும்; பக்கத்தில் சில நானோமீட்டர் தள்ளியிருக்கும் மூலக்கூறு ஊமையாகவே இருக்கும். இன்று கொதிக்கவைத்த வெள்ளியும் நாளை கொதிக்கவைத்ததும் ஒன்றுபோல் அமைவதில்லை. இரத்தத்தில் ஆயிரம் பொருள்கள் வெள்ளிக்காகப் போட்டியிடும். நாம் தேடுவது ஒட்டாமலே போகலாம். ஒட்டிய புரதம் வெள்ளியின் பிடியில் தன் வடிவை இழந்துவிடவும் கூடும். அப்போது நாம் பார்ப்பது உடலில் இருந்த புரதத்தை அல்ல, வெள்ளி கெடுத்த புரதத்தை. கண்டுபிடித்து அரை நூற்றாண்டு தாண்டியும் ஊர் மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் இந்தக் கருவியைக் காணாததற்கு இவையே காரணம். சீனாவின் ஷியாமென் பல்கலைக்கழகத்தில் தியென் சோங்சுன் குழு 2010இல் தங்கத் துகளுக்கு மெல்லிய சிலிக்கா மேலாடை போட்டு, தொடாமலே கேட்கும் வழி ஒன்றைக் காட்டியது. ஈஸ்ட் செல்களிலும், பூச்சிமருந்து படிந்த ஆரஞ்சுத் தோலிலும் அந்தத் துகளைப் பொடியாகத் தூவிப் பார்த்தார்கள்.

ராமன் 1928 மார்ச் 16இல் தன் கண்டுபிடிப்பை விரிவாக உரைத்த ஊர் பெங்களூர். அங்கே ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் சந்திரபாஸ் நாராயணாவின் குழு, தபஸ் குண்டுவோடு சேர்ந்து, பி300 என்ற மனிதப் புரதத்தை 2006இல் செர்ஸ் வழியே ஆராய்ந்தது. மரபணுக்கள் எப்போது விழிக்க வேண்டும் என்பதில் கைகொடுக்கும் பெரிய நொதி அது. பெரிய புரதங்களின் வடிவைப் பார்க்க வழக்கமான வழி படிகமாக்குவது. எல்லாப் புரதமும் படிகமாக இசைவதில்லை. நீரிலேயே, மிகச் சிறிய அளவிலேயே கேட்கும் வழி அதனால் மதிப்புப் பெறுகிறது. திருவனந்தபுரத்தில் தேசிய பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த கௌஸ்தப் மைத்தியின் குழுவும் அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையமும் சேர்ந்து, கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களில் புற்றின் முன்னிலைகளை ராமன் கைரேகையால் பிரித்தறியும் ஆய்வை 2020இல் வெளியிட்டன. கண்ணாடித் தகட்டில் செல்லைத் தடவி, சாயமேற்றி, நிபுணர் ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது இன்றைய முறை. அந்த நிபுணர் இல்லாத ஊர்கள்தான் நம்மிடம் அதிகம். மரக்காணத்தில் என்னோடு பேசிய அம்மா இப்படி ஒரு சோதனையைத் தன் வாழ்நாளில் செய்துகொண்டிருப்பாரா என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இந்த ஆய்வு பட்டணம் தாண்டி இந்தக் கரைக்கு வந்து சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இனி அந்தச் சிவப்பு நீருக்கு வருகிறேன். மற்ற உயிர்கள் வற்றிப் போகும் உப்பிலும் செழிக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. ஹாலோபாக்டீரியம் அவற்றில் ஒன்று. அதன் சிவப்பு, கேரட்டின் நிறத்துக்கு உறவான ஒரு நிறமியால் வருவது. ஆக்சிஜன் குறைந்தால் அது தன் சவ்வில் ஊதா நிறத் திட்டுகளையும் வளர்த்துக்கொள்ளும். 1971இல் எஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கீனியஸும் அந்தத் திட்டுக்குள் இருந்த புரதத்தை அடையாளம் கண்டு பாக்டீரியோரோடாப்சின் என்று பெயரிட்டார்கள். வெயிலை வாங்கி, அந்த ஆற்றலால் செல்லிலிருந்து புரோட்டானை வெளியே தள்ளும் சின்னஞ்சிறு இறைப்பான் அது. வெயிலை வாங்குவது அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் ரெட்டினால் என்ற மூலக்கூறு. வைட்டமின் ஏ-யின் பிள்ளை. நம் விழித்திரையில் ஒளியை வாங்குவதும் இதே ரெட்டினால்தான். பௌபஜார் தெருவில் அந்தப் பிப்ரவரியில் ராமனும் கிருஷ்ணனும் முதலில் நம்பியிருந்தது ஒளித்தகட்டை அல்ல. வண்ண வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்துச் சொந்தக் கண்ணால்தான் அந்த மங்கிய ஒளித்தடத்தைப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் அதைப் பிடித்ததும், மரக்காணத்துப் பாத்தியில் வெயிலைப் பிடிப்பதும் ஒரே மூலக்கூறு.

1980களில் மாஸ்கோவின் ஷெமியாகின் உயிர்கரிம வேதியியல் கழகத்தில் நபியெவ், எஃப்ரெமோவ், சுமனோவ் மூவரும் இந்த ஊதாச் சவ்வை வெள்ளியின் மேல் ஒட்டவைத்தார்கள். அவர்களுடைய கேள்வி எளிமையானது: ரெட்டினால் சவ்வில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, புரதம் அதை எப்படிப் பிடித்திருக்கிறது? வெள்ளியின் பெருக்கம் தூரம் கூடக் கூடச் சட்டென்று விழுந்துவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா. மற்றவர்களுக்குத் தொல்லையாக இருந்த அந்தக் குணத்தையே அவர்கள் அளவுகோலாக்கினார்கள். ஒளி பெருகினால் ரெட்டினால் மேற்பரப்புக்கு அருகே இருக்கிறது; பெருகாவிட்டால் ஆழத்தில்.

1928இல் கல்கத்தாவுக்குப் போட்டியாக நின்ற ஊர் மாஸ்கோதான். லாண்ட்ஸ்பெர்க்கும் மண்டெல்ஷ்டாமும் அதே பிப்ரவரியில் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டிருந்தார்கள். 1930இன் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே போனது. ரஷ்ய மொழியில் இன்றும் இதை ராமன் சிதறல் என்பதில்லை. ‘கூட்டுச் சிதறல்’ என்ற பொருள்படும் தங்கள் சொல்லைத்தான் ஆள்கிறார்கள். ஆனால் நபியெவ் குழு 1985இல் பாக்டீரியோரோடாப்சின் பற்றிய தங்கள் கட்டுரையைப் பெங்களூருக்கு அனுப்பியது. ராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி வெளியிடும் ‘ஜர்னல் ஆஃப் பயோசயின்சஸ்’ இதழின் 8ஆம் தொகுதியில் 363ஆம் பக்கத்தில் அது தொடங்குகிறது. தலைப்பில் ராமன் பெயர் இரண்டு முறை வருகிறது.

(தொடரும்)